அண்ணாந்து படிக்க ஒரு பக்கம்: ரிக்கார்டியானா நூலகத்தின் கூரை ஓவியம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபுளோரன்ஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் உஃபிட்ஸி கலைக்கூடத்தின் வாசலில் வரிசையில் நின்றே அரை நாளைக் கழித்துவிடுகிறார்கள். மீதி நேரத்தில் மெடிச்சி ரிக்கார்டி மாளிகைக்குள் நுழைபவர்களும், அங்குள்ள சின்னச் சிற்றாலயத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடி பதித்த கூடத்தில் நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தக் கூடத்துக்கு அடுத்து ஒரு நூலகம் இருக்கிறது, அதன் கூரையில் அதே ஓவியர் இன்னொன்றும் வரைந்திருக்கிறார் என்று சொன்னால், ‘அப்படியா?’ என்பார்கள். பிறகு கேள்விகள் வரும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்த ஓவியம் இது? எங்கே இருக்கிறது?

ஃபுளோரன்ஸ் நகரின் நடுவில் காவூர் தெருவில் மெடிச்சி ரிக்கார்டி மாளிகை இருக்கிறது. மாளிகையின் பின்புறம் ஜினோரி தெருவைப் பார்த்தபடி ரிக்கார்டியானா நூலகம். அதன் பெரிய அறையின் கூரையில் நேப்பிள்ஸ் ஓவியர் லூகா ஜோர்தானோ 1680களின் நடுவில் தீட்டியது இது. ‘தெய்வீக ஞானத்தின் உருவகம்’ என்பார்கள். ‘அறியாமையின் தளையிலிருந்து விடுபடும் மனித அறிவு’ என்றும் சொல்வதுண்டு. முதல் பெயர் மேலே வீற்றிருப்பவளைச் சொல்கிறது, இரண்டாவது கீழிருந்து ஏறிவருபவனை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

உருவக ஓவியம் என்றால் என்ன?

கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை ஆளாக்கி நிறுத்துவது. நீதி, காலம், புகழ், அறியாமை, கணிதம் எல்லாவற்றுக்கும் கை கால் முளைத்துவிடும். கையில் வேல் இருந்தால் அது யார் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீணையும் சுவடியும் இருந்தாலும் அப்படித்தான். அந்தக் கால ஐரோப்பியருக்கும் அதே பழக்கம் இருந்தது. தராசு இருந்தால் நீதி, மணற்கடிகை இருந்தால் காலம். ஒரு வித்தியாசம் உண்டு: கணிதத்தை யாரும் கும்பிட்டதில்லை. வாதத்தை விளக்க வந்த உருவங்கள் இவை. அதனால் ஒவ்வொரு உருவத்தையும் ஒரு சொல்லாகவும், மொத்தக் கூரையையும் ஒரு நீண்ட வாக்கியமாகவும் எடுத்துக்கொண்டு படிக்கலாம்.

சரி, மேலே என்னதான் நடக்கிறது?

ஓர் இளைஞன், அவன்தான் மனித அறிவு, அறியாமையின் கட்டிலிருந்து விடுவிக்கப்படுகிறான். கணிதம், மெய்யியல், இறையியல் போன்ற துறைகள் பெண்களாக வந்து அவனுக்குக் கைகொடுக்கின்றன. போகுமிடம் மேலே, மேகங்களுக்கு நடுவே தெய்வீக ஞானம் வீற்றிருக்கும் இடம். கீழே நிறம் கனத்து, மண்ணும் நிழலுமாக இருக்கும். மேலே போகப் போக வெளிறி, கடைசியில் பொன்னும் வெண்மையும் கலந்த ஒளியாகிவிடும். கதை தெரியாதவருக்கும் ‘ஏதோ ஒன்று மேலே போகிறது’ என்று புரிந்துவிடும். ஜோர்தானோவின் கெட்டிக்காரத்தனம் அது.

இந்த மூன்று துறைகளும் ஏன் சேர்ந்து வருகின்றன என்று யோசிக்க வேண்டும். கலிலியோவை ரோமில் விசாரித்துத் தண்டித்தது 1633இல். அவர் வாழ்ந்து இறந்ததும் ஃபுளோரன்ஸை ஒட்டித்தான். அதற்கு ஐம்பது ஆண்டு கழித்து அதே ஊரில், கணிதமும் இறையியலும் சண்டையில்லாமல் ஒரே இளைஞனைத் தூக்கிவிடுகின்றன. இதை வரையச் சொன்னவர்களுக்குப் பழைய வழக்கு மறந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. சமரசம் சொல்லும் படமாகவே எனக்கு இது தோன்றுகிறது.

யார் யார் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

அக்காலத்து ஓவியர்கள் கையில் ஓர் அகராதி இருந்தது. பெரூஜியாக்காரரான செசாரே ரீப்பா 1593இல் ரோமில் வெளியிட்ட ‘ஐக்கனோலோஜியா’. முதல் பதிப்பில் படமே கிடையாது. 1603இல் படங்களோடு வந்தபிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. ரீப்பா ஒரு கர்தினால் வீட்டில் பந்தியில் இறைச்சி அறுத்துப் பரிமாறும் பொறுப்பில் இருந்தவர். பகலில் கத்தி, ஓய்ந்த நேரத்தில் ‘பொறாமைக்கு எந்த நிறப் புடவை’ என்கிற ஆராய்ச்சி. இந்த மனிதரை நினைத்தாலே எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வரும்.

அவர் புத்தகத்திலிருந்து இரண்டு உருவங்களை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம்.

அறியாமை: சதைப்பற்றான, அழகற்ற முகம். கண் தெரியாது. தலையில் பாப்பிப் பூ மாலை. பாப்பி என்றால் அபினி, அதாவது அறிவின் உறக்கம். வெறுங்காலோடு, பாதையை விட்டு விலகி, முள் நிறைந்த நிலத்தில் நடக்கிறாள். பக்கத்தில் ஒரு வௌவால், வெளிச்சத்துக்கு ஆகாதது. இத்தனைக்கும் உடை மட்டும் வெகு ஆடம்பரம், நகைநட்டு வேறு. இந்தக் கடைசிக் குறிப்பு ஓர் ஊசி. படிக்காத பணக்காரரைத்தான் அது குத்துகிறது. தன் வாழ்க்கை முழுக்கப் பணக்காரர்களுக்குப் பரிமாறியவர் அல்லவா எழுதினார்!

கணிதம்: தலையில் சிறகு, ஏனென்றால் அறிவு பறக்கிறது. உடுத்தியிருப்பது உள்ளே தெரியும் மெல்லிய வெள்ளைத் துணி, ஏனென்றால் அதன் நிறுவல்களில் மறைவே இல்லை. கையில் கவராயம். இவளும் வெறுங்கால்தான், ஆனால் தரையில் உறுதியாக ஊன்றிய கால். அறியாமையின் வெறுங்கால் முள்ளில் தடுமாறுகிறது, கணிதத்தின் வெறுங்கால் நிலத்தில் நிற்கிறது. ஒரே அடையாளத்துக்கு இரண்டு பொருள்.

ஜோர்தானோ இதை வரிக்கு வரி பின்பற்றினார் என்று நினைக்க வேண்டாம். பாதியை எடுப்பார், பாதியை விடுவார், அழகுக்காகச் சிலவற்றைச் சேர்ப்பார். ஆனால் ரீப்பாவைத் தெரிந்துகொண்டு போனால் கூரையில் முக்கால்வாசியைப் படித்துவிடலாம்.

கூரையில் ஏதோ எழுதியிருக்கிறதாமே?

ஆமாம். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் ஒரு வரி: நம் அறிவை மண்ணிலிருந்து விண்ணுக்கு உயர்த்துகின்றன என்று பொருள்படும் இத்தாலிய அடி. படத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. துறைகள் தூக்க, இளைஞன் ஏற, பக்கத்தில் கவிஞரே சாட்சி சொல்கிறார்.

ஆனால் அந்தக் கவிதையை முழுதாக எடுத்துப் படித்தால் தூக்கிவாரிப்போடும். 14ஆம் நூற்றாண்டில் பெட்ரார்க் தன் புரவலரான கொலோன்னா குடும்பத்தவருக்கு எழுதிய பாட்டு அது. இங்கே அரண்மனை இல்லை, நாடக அரங்கு இல்லை, மாடம் இல்லை. அவற்றுக்குப் பதில் ஒரு தேவதாரு, ஒரு பீச் (beech) மரம், ஒரு பைன், பசும்புல், அருகில் அழகான மலை. இவைதாம் நம் அறிவை மண்ணிலிருந்து விண்ணுக்கு உயர்த்துகின்றன என்கிறார். அரண்மனை வேண்டாம், மரம் போதும் என்று சொன்ன வரியை வெட்டியெடுத்து அரண்மனைக் கூரையில் ஒட்டியிருக்கிறார்கள்! தேர்ந்தெடுத்தவர் இது தெரியாதவர் அல்ல. பெட்ரார்க்கை மனப்பாடமாக வைத்திருந்த கூட்டம் அது. கவிஞர் மரத்துக்குக் கொடுத்த இடத்தைப் புத்தகத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். புத்தகமும் மரத்திலிருந்து வந்ததுதானே என்று யாராவது சமாதானம் சொன்னால், அக்காலத்துக் காகிதம் பழந்துணியிலிருந்து வந்தது என்று ஞாபகப்படுத்திவிடுவேன்.

இத்தனை படிப்பாளித்தனம் ஓவியருடையதா?

இல்லை. மாளிகையில் ஜோர்தானோவின் வேலைக்குப் பின்னால் இருந்த மூளை அலெஸ்ஸாந்த்ரோ செஞ்ஞி. க்ருஸ்கா கழகத்தின் செயலர். வீட்டு எசமானரான மார்க்கிஸ் (ஒரு பிரபுப் பட்டம்) ஃபிராஞ்செஸ்கோ ரிக்கார்டிக்கு இளவயதில் ஆசிரியராக இருந்து, அவரோடு ஐரோப்பா சுற்றியவர். க்ருஸ்கா என்றால் தவிடு. மொழியைச் சலித்துத் தவிட்டை நீக்கி மாவை வைத்துக்கொள்கிறோம் என்று பெயர் வைத்துக்கொண்ட அறிஞர் கழகம், சின்னமே சல்லடைதான். இத்தாலிய மொழியின் முதல் பெரிய அகராதியை 1612இல் கொண்டுவந்தவர்கள். அகராதி போடும் மனிதர் திட்டம் தந்தால் கூரையும் அகராதி மாதிரி இருப்பதில் வியப்பில்லை.

லூகா ஜோர்தானோ யார்?

1634இல் நேப்பிள்ஸில் பிறந்து 1705இல் அங்கேயே இறந்தவர். தகப்பனாரும் ஓவியர், பையனைச் சீக்கிரம் முடி, சீக்கிரம் முடி என்று விரட்டிக்கொண்டே இருப்பாராம். ‘லூகா ஃபா பிரெஸ்தோ’ என்ற பட்டப்பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். ‘சட்டுனு முடி லூகா’ என்று தமிழாக்கலாம். 1682இல் ஃபுளோரன்ஸின் கார்மினே தேவாலயத்தில் கொர்சினி குடும்பத்தின் சிற்றாலயக் குவிமாடத்தைத் தீட்ட வந்தவரை ரிக்கார்டி குடும்பம் பிடித்துக்கொண்டது. 1692இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸ் அழைக்க அங்கே போய்ப் பத்தாண்டு இருந்தார். எஸ்கோரியல் அரண்மனையின் பெரிய படிக்கட்டுக் கூரை அப்போது வரைந்ததுதான்.

வேகமாக வரைபவர் என்றால் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பது விமர்சகர்களின் பழைய வழக்கம். ஆனால் ஈரச்சாந்தில் வரைய வேகம் ஒரு குறையே அல்ல. ஏன் என்பது அடுத்த பதிலில்.

ஈரச்சாந்து ஓவியம் எப்படி வரைவார்கள்?

ஃப்ரெஸ்கோ என்றால் புதுசு, ஈரம் காயாதது. முதலில் செங்கல் மேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த சொரசொரப்பான பூச்சு. அது காய்ந்தபின் அதன்மேல் மெல்லிய வழவழப்பான பூச்சு. இந்த இரண்டாவது பூச்சை அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்கு மட்டும்தான் கொத்தனார் பூசுவார். ஜோர்னாத்தா, அதாவது ஒரு நாள் வேலை என்பது இத்தாலியப் பெயர்.

காலையில் கொத்தனார் கரணையைக் கழுவும்போதே ஓவியரின் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். வரைபடத்தை ஈரப்பூச்சுக்கு மாற்ற ஒரு வழி உண்டு: ஆரி வேலை செய்கிறவர்கள் டிரேசிங் காகிதத்தில் வரிசையாக ஓட்டை குத்தி, துணிமேல் வைத்துப் பொடி தேய்ப்பார்களே, அதேதான். இங்கே பொடி கரித்தூள், துணிக்குப் பதில் சுவர். இல்லையென்றால் காகிதத்தின்மேல் கூரான முனையால் அழுத்தி இழுத்துப் பூச்சில் கோடு பதிப்பார்கள். பிறகு தண்ணீரில் மட்டும் குழைத்த நிறத்தைப் பூசுவது. பசை கிடையாது, எண்ணெய் கிடையாது. நீர்த்த சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக இறுகும். அப்போது நிறத்துகள்களும் அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்ளும். நிறம் சுவரின் மேல் ஒட்டியிருப்பதில்லை, சுவராகவே ஆகிவிடுகிறது.

சாயங்காலத்துக்குள் முடிக்காத இடத்தை என்ன செய்வது? சுரண்டி எறிந்துவிட்டு மறுநாள் புதிதாகப் பூச வேண்டியதுதான். தப்பு செய்தாலும் அதே கதி. அதனால்தான் ‘சட்டுனு முடி’ என்பது இந்த வேலையில் தகுதி. வேலையை மேலிருந்து கீழாக நகர்த்துவது வழக்கம். கீழே முடித்ததன் மேல் சொட்டிவிடக்கூடாதே. இன்னொரு சங்கடம்: ஈரத்தில் வைக்கும் நிறம் காய்ந்தால் வெளிறும். நேற்று வைத்த நீலத்துக்குப் பக்கத்தில் இன்றைய நீலத்தைப் பொருத்த, இன்றையது காய்ந்தபின் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு நாள் பூச்சும் மறுநாள் பூச்சும் சேருமிடத்தில் மயிரிழை போல ஒரு தையல் தெரியும். பக்கவாட்டில் விளக்கு பிடித்தால் அந்தத் தையல்களில் எந்தப் பூச்சு எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்தே எந்தப் பகுதி முதலில் வந்தது என்று மறுசீரமைப்பாளர்கள் சொல்லிவிடுவார்கள்.

இத்தனையும் சாரத்தின்மேல், கழுத்தை ஒடித்துக்கொண்டு, சுண்ணாம்பு முகத்தில் சொட்டச் சொட்ட.

உருவங்கள் உண்மையாகவே மிதப்பது போலத் தெரிவது எப்படி?

கீழே நின்று பார்க்கும் கண்ணுக்காக உருவத்தைக் குறுக்கி வரைவதால். மேகத்தில் உட்கார்ந்திருப்பவரின் உள்ளங்கால் பெரிதாகவும், முழங்கால் பக்கத்திலும், முகம் சின்னதாகத் தூரத்திலும் வரும். தனியாக எடுத்துத் தாளில் பார்த்தால் கோணலாக இருக்கும்; இருக்க வேண்டிய இடத்தில் பார்த்தால் சரியாகிவிடும்.

ஜோர்தானோவின் தனித்துவம் இன்னொன்றில். ரோமில் பார்பெரீனி அரண்மனைக் கூடத்தில் பியெத்ரோ டா கோர்த்தோனா 1630களில் வரைந்த பெருங்கூரையில், பொய்யான கல்சட்டங்களைத் தீட்டி, அவற்றின் இடைவெளிகளில் வானத்தைத் திறந்துவிட்டிருப்பார். ஃபுளோரன்ஸ் பித்தி அரண்மனையிலும் கோர்த்தோனாவின் கூரைகள் உண்டு. ஜோர்தானோ இந்தப் பாணியை நன்றாகவே அறிந்தவர். ஆனால் இந்த மாளிகையின் கண்ணாடி பதித்த கூடத்தில் அவர் அந்தச் சட்டத்தையே தூக்கி எறிந்துவிட்டார். சுவர் முடியும் விளிம்பிலேயே நிலமும் கடலும் காடும் ஓடும், அதற்கு மேல் முழுக்க வானம். இதைப் பார்த்துவிட்டுப் பழைய பாணிக் கூரைகளுக்குப் போனால் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது போல இருக்கும்.

பக்கத்துக் கூடத்தின் ஓவியம் என்ன சொல்கிறது?

அது பெரிய கதை, அதோடு சேர்த்துப் பார்க்காமல் நூலகத்தின் கூரை முழுமையாகப் புரியாது.

கூடத்தின் விளிம்பைச் சுற்றி மனித வாழ்க்கையின் சுற்று: நித்தியத்தின் குகை, விதியின் நூல் நூற்கும் பெண்கள், கடல் தெய்வம் நெப்டியூனின் ஊர்வலம், மதுத் தெய்வம் பாக்கஸின் களியாட்டம், புரோசெர்ப்பினாவைப் பாதாளத்துக்குத் தூக்கிப்போகும் பாதாள மன்னன் புளூட்டோ, இறந்தவர்களை அக்கரை சேர்க்கும் சாரோனின் படகு. மூலைகளில் நான்கு நற்பண்புகள். இத்தனைக்கும் நடுவில், வானத்தின் உச்சியில், தெய்வங்களின் அரசன் ஜூப்பிட்டரைச் சுற்றி, ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பம்: டஸ்கனியின் கிராண்ட் டியூக் மூன்றாம் கோசிமோ, மகன்கள் ஃபெர்தினாந்தோவும் ஜான் கஸ்தோனேயும், தம்பி ஃபிராஞ்செஸ்கோ மரியாவும். ஆக நான்கு பேர். ஜூப்பிட்டர் (வியாழன்) கிரகத்தைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டு கலிலியோ 1610இல் அவற்றுக்கு ‘மெடிச்சி நட்சத்திரங்கள்’ என்று பெயர் வைத்திருந்தார். கணக்கு இப்போது புரிகிறதா?

ரிக்கார்டி வீட்டில் மெடிச்சிகளுக்கு ஏன் இத்தனை புகழ்ச்சி?

வீடே முதலில் மெடிச்சிகளுடையது என்பதால். அதே குடும்பத்தில் முந்தைய காலத்தவரான மூத்த கோசிமோவுக்காகக் கட்டடக் கலைஞர் மிக்கெலோட்ஸோ 1444இல் கட்டத் தொடங்கிய மாளிகை. மெடிச்சிகள் 1540இல் பெரிய அரண்மனைக்குக் குடிபெயர்ந்தபின் இது இரண்டாம்பட்சமாகி, 1659இல் ரிக்கார்டிகள் கைக்கு வந்தது. ரிக்கார்டிகள் வணிகத்தில் பணம் சேர்த்து மார்க்கிஸ் பட்டம் வரை ஏறியவர்கள். ஆள்பவரின் பூர்வீக வீட்டை விலைக்கு வாங்கிவிட்டு, அடுத்து அதை இன்னும் பெரிதாக்கவும் செய்தால், கூரையிலாவது எசமானரை உட்கார வைக்க வேண்டாமா?

உட்கார வைத்தார்கள். ஆனால் மேலே இருக்கும் நால்வரின் கதை கீழே வேறு மாதிரி முடிந்தது. ஃபிராஞ்செஸ்கோ மரியா 1711இல் போனார். வாரிசு என்று நம்பியிருந்த ஃபெர்தினாந்தோ தகப்பனுக்கு முன்பே 1713இல். கோசிமோ 1723இல். படம் வரைந்த காலத்தில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையனாக இருந்த ஜான் கஸ்தோனே 1737இல் பிள்ளையில்லாமல் இறக்க, ஆட்சி லொரேன் வம்சத்துக்குப் போய்விட்டது. சுண்ணாம்பில் இறுகிய அந்தப் புகழ்ச்சிக்கு, புகழப்பட்ட வம்சம் அறுபது ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அதனால்தான் நூலகக் கூரையை நான் உயர்வாகச் சொல்கிறேன். ஓவியமாக மட்டும் பார்த்தால் கூடத்துக் கூரைதான் பெரிது, வளமானது. அதில் வாதமே வேண்டாம். ஆனால் ஒரு கதவு தாண்டினால் அதே கை, அதே சுண்ணாம்பு, அதே வானம். அந்த வானத்தில் எந்தக் குடும்பமும் இல்லை. பெயரில்லாத ஓர் இளைஞன் கட்டவிழ்ந்து மேலே போகிறான், அவ்வளவுதான்.

நூலகத்தில் சுவரை விட்டுவிட்டுக் கூரையில் ஏன் வரைந்தார்கள்?

சுவரில் இடமேது? அலமாரி நிற்கிறதே. தரையிலிருந்து உயரம்வரை புத்தகம் அடுக்கினால் ஓவியருக்கு மிஞ்சுவது தலைக்கு மேல் இருப்பது மட்டும்தான். ரோமின் வல்லிசெல்லியானா நூலகத்திலும் இதே கதை.

இந்த ஓவியத்தின் முன்வரைவு லண்டனில் இருக்கிறதாமே?

இருக்கிறது. கூடத்துக்கும் நூலகத்துக்குமாக ஜோர்தானோ துணியில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய பத்துச் சின்னப் படங்கள் லண்டன் நேஷனல் கேலரியில் உள்ளன. கலை வரலாற்றாளரும் சேகரிப்பாளருமான டெனிஸ் மஹோனின் சேகரிப்பிலிருந்து அங்கே சேர்ந்தவை. கழுத்து வலிக்காமல், கண்ணுக்கு நேராக, தெய்வீக ஞானத்தை அங்கே பார்க்கலாம். தூரிகை எவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறது என்பது தெரிவதும் அங்கேதான். ஆனால் மேலே பார்க்க வேண்டியதை நேரே பார்ப்பது, மேளத்தை ஹெட்போனில் கேட்பது மாதிரி.

நூலகத்தில் அப்படி என்ன புத்தகங்கள்?

தொடங்கியவர் ரிக்கார்டோ ரோமோலோ ரிக்கார்டி, 1600இல். பிறகு மார்க்கிஸ் ஃபிராஞ்செஸ்கோ ரிக்கார்டியின் மனைவி கஸ்ஸாந்த்ரா கப்போனி வழியாக அந்த அம்மாளின் தகப்பனாரின் பெரும் சேகரிப்பும் வந்து சேர்ந்தது. சீதனத்தோடு சேர்த்து ஒரு நூலகமும்! இன்று இங்கே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள் உள்ளன.

இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, தாந்தேயின் பெருங்காவியத்தை பொக்காச்சோ தன் கைப்பட எழுதிவைத்த பிரதி. ஒரு பெரிய எழுத்தாளர் இன்னொரு பெரிய எழுத்தாளருக்குப் படியெடுப்பவராக உட்கார்ந்திருக்கிறார். மற்றது, 15ஆம் நூற்றாண்டில் அப்பொலோனியோ டி ஜொவான்னி சித்திரம் எழுதிய, ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் சுவடி. அதில் டிராய் நகர மன்னர் பிரியாமின் அரண்மனையை வரைய வந்தபோது, ஓவியர் தன் ஊரில் அப்போது புதிதாக எழும்பிக்கொண்டிருந்த மெடிச்சி மாளிகையையே மாதிரியாக எடுத்துக்கொண்டார். அந்தச் சுவடி சுற்றிச் சுற்றி, தான் சித்திரித்த கட்டடத்துக்குள்ளேயே வந்து சேர்ந்திருக்கிறது. அதிலும் பிரியாமின் அரண்மனை என்றால் எரியப்போகிற அரண்மனை.

தனியார் நூலகம் பொதுநூலகம் ஆனது எப்படி?

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வெளியாட்கள் வந்து படிக்க விட்டார்கள். அறிஞர் ஜொவான்னி லாமி 1733 முதல் நூலகராக இருந்து, 1756இல் சுவடிகளின் பட்டியலை அச்சிட்டார். பிறகு ரிக்கார்டிகள் கடனில் மூழ்கினார்கள். சொத்தெல்லாம் ஏலத்துக்கு வந்தபோது நூலகம் சிதறாமல் ஃபுளோரன்ஸ் நகராட்சி 1813இல் வாங்கியது. 1815இல் அது அரசுக்குப் போனது. மாளிகையையும் அரசே எடுத்துக்கொண்டது. 1865 முதல் 1871 வரை ஃபுளோரன்ஸ் இத்தாலியின் தலைநகராக இருந்தபோது உள்துறை அமைச்சகம்கூட இங்கே இயங்கியது.

நேரில் பார்க்க முடியுமா?

கூடத்தை மாளிகை அருங்காட்சியகத்துக்கான சீட்டிலேயே பார்க்கலாம். நுழைவு காவூர் தெருப் பக்கம். அதே சீட்டில் பெனோட்ஸோ கொட்ஸோலி 1459இல் தீட்டத் தொடங்கிய சிற்றாலயமும் உண்டு. சின்ன இடம் என்பதால் சில பேர் சில பேராகத்தான் விடுவார்கள். நூலகம் வேறு: ஜினோரி தெருவில் தனி வாசல், ஆய்வாளர்கள் படிக்கும் அரசு நூலகம். சுற்றுலாத்தலம் மாதிரி நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். கண்காட்சி நடக்கும் சமயம் என்றால் இன்னும் வசதி.

கழுத்து வலிக்காமல் பார்க்க வழி உண்டா?

உண்டு. கைபேசியின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, திரை மேலே பார்க்கும்படி உள்ளங்கையில் படுக்க வையுங்கள். கூரை கைக்குள் வந்துவிடும். மேலும் கீழும் அசைத்தால் உருவம் உருவமாகப் பார்க்கலாம். கேமராவில் இடவலம் மாறித் தெரிந்தால் குழம்பாதீர்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அறைக்குள் நுழைந்ததும் ஐந்து நிமிடம் எதையும் தேடாமல் நில்லுங்கள். கண் மங்கலுக்குப் பழகும். பிறகு இருண்ட ஓரத்தில் தொடங்கி வெளிச்சத்தை நோக்கிப் போங்கள். முதலில் அகப்படுவது யாரோ ஒருவரின் உள்ளங்காலாகத்தான் இருக்கும்.